டானா ஏரியின் பெருங்கெண்டைகள்: உருவம் பிரிவது ஏரியில், இனம் பிரிவது ஆற்றில்

எத்தியோப்பியாவின் வடமேற்கு மேட்டுநிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது டானா ஏரி. நீல நைல் புறப்படும் இடம் இதுதான். பரப்பு 3,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். ஆழமோ சராசரியாக 8 மீட்டர், மிக ஆழமான இடத்தில்கூட 14 மீட்டர். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் அடிச்சேறு கலங்கி மேலே வந்துவிடும். அகன்ற தட்டு மாதிரியான இந்தக் கலங்கல் ஏரியில், நெருங்கிய உறவுள்ள கெண்டை மீன்கள் 15 விதமாகப் பிரிந்து வாழ்கின்றன. அந்தப் பிரிவு எப்படி வந்தது, இன்று எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இவற்றின் பேரினம் லேபியோபார்பஸ். பழைய நூல்களில் பார்பஸ் என்று இருக்கும். கயல், சேல், கெண்டை என்று நம் மொழியில் இந்தக் குடும்பத்து மீன்களுக்குப் பல பெயர்கள் உண்டு. அவை பல நீர்நிலைகளில் பார்த்த மீன்களுக்கு வைத்தவை. டானாவிலோ ஒரே ஏரிக்குள், ஒரே வலையில், அத்தனை வேறுபாடும் சேர்ந்து விழுகிறது.

அப்படி விழுந்த நான்கு மீன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதலாவது மெகாஸ்டோமா. பெயருக்கே பெருவாய் என்றுதான் பொருள். தலை நீண்டது, தாடை நீண்டது, வாயைத் திறந்தால் உள்ளே தொண்டை வரை தெரியும். உடல் ஒடுங்கி நீண்டிருக்கும். அடுத்தது நெட்ஜியா. இதன் உதடுகள் சதைப்பற்றோடு தடித்து, கீழுதடு மடல் போலத் தொங்கும். கல்லிடுக்கில் வாயை அழுத்திப் புழுபூச்சிகளை உறிஞ்ச அந்த உதடு உதவுகிறது. மூன்றாவது பிரெவிசெஃபாலஸ், குட்டைத் தலைக்காரன். உருவத்திலும் சிறியது, நீரில் மிதக்கும் நுண் விலங்குகளை வடித்துத் தின்பது. நான்காவது கோர்கோரென்சிஸ். உடல் உயர்ந்து கனத்திருக்கும், தொண்டைப் பற்கள் உறுதியானவை, நத்தை ஓட்டை நொறுக்கக்கூடியவை. இதையெல்லாம் அறியாத ஒருவரிடம் இந்த நான்கையும் காட்டினால், நான்கு வெவ்வேறு நாட்டு மீன்கள் என்றுதான் சொல்வார்.

அறிவியலும் இதே குழப்பத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. ஜெர்மானியப் பயணி எடுவர்ட் ரூப்பல் 1830களில் இங்கிருந்து சில கெண்டைகளை விவரித்துத் தனித்தனிப் பெயர் கொடுத்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் இருந்த பூலஞ்சர் பட்டியலை நீட்டினார். 1940இல் இத்தாலியரான பினி இன்னும் பல வகைகளைச் சேர்த்தார். பெயர்கள் பெருகப் பெருக, எது எது என்று யாருக்கும் பிடிபடாமல் போனது. 1973இல் பானிஸ்டர் என்ற ஆய்வாளர் கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பெரிய பார்பஸ்களை எல்லாம் அலசி, டானாவின் மீன்களையும் சேர்த்துப் பலவற்றை பார்பஸ் இன்டர்மீடியஸ் என்ற ஒரே இனத்துக்குள் போட்டுவிட்டார். உருவம் கண்டபடி மாறுகிறது, இடைப்பட்ட வடிவங்களும் நிறையக் கிடைக்கின்றன, ஆகவே இது மாறுபாடு மிகுந்த ஒரே இனம் என்பது அவர் முடிவு.

அந்த முடிவு மோசமானதென்று நான் நினைக்கவில்லை. காட்சியகத்துப் போத்தல்களில் இருக்கும் மீன்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சிறு வயதில் இந்த வகைகளைப் பிரித்தறிவது மிகக் கடினம். வளர வளரத்தான் தலையும் வாயும் தனித்தனி வழியில் போகின்றன. பல அளவு மீன்களை ஒன்றாகக் கலந்து வைத்து அளந்தால் எல்லைகள் கரைந்து போவதில் வியப்பில்லை. விடை கிடைக்க வேண்டுமானால் ஏரிக்கரையில் உட்கார்ந்து, புதிதாகப் பிடித்த மீன்களை வருடக்கணக்கில் பார்க்க வேண்டும்.

அதைச் செய்தவர்கள் நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நாகெல்கெர்கேயும் சிபிங்கும். 1990களில் அவர்கள் ஏரியின் தென்கரையில் உள்ள பஹிர் தார் நகரைத் தளமாக வைத்து வேலை செய்தார்கள். முதலில் உருவ வகைகள் என்றே பேசினார்கள், இனம் என்று சொல்ல அவசரப்படவில்லை. உருவம், உணவு, வாழிடம், இனப்பெருக்கம் எல்லாம் ஒன்றையொன்று ஒத்துப்போவதைப் பார்த்த பிறகுதான் 1997இல் தனி இனங்களாக அறிவித்தார்கள். 2000இல் ஒசீன்சிஸ் என்ற ஒன்று சேர்ந்தபோது எண்ணிக்கை 15 ஆனது. ரஷ்ய ஆய்வாளர்கள் சிலர், இவற்றை வடிவங்கள் என்று சொல்வதே சரி, இனம் என்பது அதிகம் என்ற நிலையில் இருந்தார்கள். அந்த வாதம் நல்லதையே செய்தது. இரண்டு பக்கத்தாரும் தலையோட்டை இன்னும் கவனமாக அளந்தார்கள்.

வாயும் தொண்டையும்

இங்கே கொஞ்சம் நின்று கெண்டையின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் டானாவின் வியப்பு அங்கேதான் இருக்கிறது.

கெண்டைக் குடும்பத்துக்குத் தாடையில் பல் கிடையாது. உணவைத் தேக்கிச் செரிக்க வயிறு என்று ஒரு பையும் கிடையாது. தொண்டையிலிருந்து நேரே குடல்தான். பல் இருப்பது தொண்டைக்குள். செவுளுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அவை வரிசையாக நிற்கும், மேலே இருக்கும் ஒரு கெட்டித் திண்டில் வைத்து இரையை நசுக்கும். சேற்றைக் கிளறவும், விதையை அரைக்கவும், புழுவை மெல்லவும் இந்த ஏற்பாடு அருமையானது. இன்னொரு மீனைத் துரத்திப் பிடித்து விழுங்குவதற்கு இது சுத்தமாகப் பொருந்தாது. துள்ளும் மீனைக் கவ்விப் பிடிக்கத் தாடையில் பல் இல்லை, தொண்டை வழியும் குறுகல். அதனால்தான் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கெண்டைக் குடும்ப இனங்கள் இருந்தும், மீனைத் தின்று வாழ்பவை வெகு சில.

டானாவில் 15இல் 8 இனங்கள் மீன் தின்னிகள்.

எப்படி? ஏரியிலிருந்து நீல நைல் வெளியேறிச் சுமார் 30 கிலோமீட்டர் போனதும் டிஸ் இசாட் அருவி வருகிறது. உயரம் 40 மீட்டருக்கும் கொஞ்சம் அதிகம். கீழே நைலில் வாழும் மீன்கள் அதைத் தாண்டி ஏற முடியாது. நைல் பெர்ச் என்ற பெரிய கொல்மீன் கீழேயே நின்றுவிட்டது. விக்டோரியா ஏரியில் நூற்றுக்கணக்கான இனங்களாகப் பெருகிய சிக்லிட் மீன்களிலும் நைல் திலாப்பியா ஒன்றுதான் டானாவில் இருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி உண்டு. மற்றபடி நீர்நடுவில் ஓடும் சிறு மீன்களை வேட்டையாடும் இடம் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தைக் கெண்டை பிடித்துக்கொண்டது, பல் இல்லாமலேயே.

தகுந்த கருவி இல்லாததற்கு இவை ஒரு விலையும் கொடுக்கின்றன. தாடையில் பல் உள்ள கொல்மீன் தன் உடலில் பாதி நீளமுள்ள இரையைக்கூட விழுங்கிவிடும். டானாவின் கெண்டைகளால் அது ஆகாது; தொண்டை வழி விடாது. அதனால் அவை சின்ன மீன்களைத்தான் தின்கின்றன, முக்கியமாக அதே ஏரியில் உள்ள விரல் நீளச் சிறுகெண்டைகளை. அவற்றில் ஒன்றான டனாபெலாஜியஸ் நீர்நடுவில் மிதவை உயிர்களைத் தின்று கூட்டமாக வாழ்வது. 2000ஆம் ஆண்டில்தான் அது தனி இனம் என்று அடையாளம் காணப்பட்டது.

எட்டு மீன் தின்னிகளும் ஒரே மாதிரி வேட்டையாடுவதில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ட்ரட்டிஃபார்மிஸ் போன்றவை ஒடுங்கி நீண்ட உடலோடு திறந்த நீரில் துரத்துகின்றன. மேக்ரோஃப்தால்மஸ் பெரிய கண்ணை வைத்துக்கொண்டு நீர்நடுவில் தேடுகிறது. கோர்குவாரியின் முதுகு தலைக்குப் பின்னால் திமில் போல எழுந்து நிற்கும். மீன் தின்னாத ஏழிலும் இதே கதைதான்: நீர்த்தாவரம் தின்னும் சுர்கிசுக்குக் குடல் நீளம், மிதவை தின்னும் பிரெவிசெஃபாலசுக்குச் செவுள் முட்கள் நெருக்கமான சீப்பு போல இருக்கும், சேற்றில் தேடும் கிராசிபார்பிசுக்கு மீசை தடிப்பு. இன்டர்மீடியஸ் மட்டும் கரையோரத்தில் கிடைத்ததைத் தின்னும் பொதுத் தின்னி. ஆற்றிலிருந்து முதலில் வந்த மூதாதை ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும் என்று கருதப்படுகிறது.

சிபிங்கும் நாகெல்கெர்கேயும் இதை ஒரு சோதனையாகவே செய்து பார்த்தார்கள். வாயின் அகலம், தாடை முன்னே நீளும் அளவு, செவுள் முட்களின் இடைவெளி, குடல் நீளம், கண்ணின் அளவு என்று அளந்து, இந்த உடம்பு எதைத் தின்னத் தோதானது என்று முதலில் கணித்தார்கள். பிறகு குடலைத் திறந்து உள்ளே இருந்ததோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் பொருந்தியது. உருவ வேறுபாடு தற்செயலாக வந்திருந்தால் அப்படிப் பொருந்தாது.

உருவம் மாறினால் இனம் மாறிவிட்டதா?

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதத்தை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். கெண்டைகளின் உடல் சூழலுக்குத் தகுந்தபடி வளைந்து கொடுக்கும் இயல்புடையது. 1992இல் சுவீடனில் புரோன்மார்க், மைனர் என்ற இருவர் க்ரூசியன் கெண்டையை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குளத்தைத் தடுப்பால் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் பைக் என்ற கொல்மீனை விட்டார்கள். சில மாதங்களுக்குள் பைக் இருந்த பக்கத்துக் கெண்டைகளின் உடல் உயரம் கூடியது. பைக்கின் வாய்க்குள் நுழையாத அளவுக்கு அவை தடித்தன. மறுபக்கத்து மீன்கள் ஒல்லியாகவே இருந்தன. ஒரே இனம், ஒரே குளம், ஒரு பருவத்துக்குள் இரண்டு உருவம்.

அப்படியானால் டானாவின் பெருவாயும் தடித்த உதடும் இதே மாதிரி, தின்ற தீனிக்கேற்ப வளர்ந்த உருவங்கள்தானே என்று கேட்கலாம். ஒரு பகுதி அப்படியும் இருக்கலாம். எத்தியோப்பியாவின் ஜெனாலே போன்ற ஆறுகளிலும் லேபியோபார்பஸ் தடித்த உதட்டுக்காரனாகவும் மீன் தின்னியாகவும் தனித்தனியே பிரிந்திருக்கிறது. ஒரே விதமான மாற்றம் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அந்தத் திறன் இந்தக் குலத்தின் உடம்பிலேயே இருக்கிறது என்று பொருள். இவற்றின் குரோமோசோம்கள் ஏறத்தாழ 150, கெண்டைக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு இருப்பதைப் போல மூன்று மடங்கு. ஒரே மரபணுவின் பல பிரதிகள் கையிருப்பில் இருப்பதால் சில பிரதிகள் மாறிப்பார்க்க இடம் கிடைக்கிறது என்ற விளக்கம் எனக்கு ஏற்கத்தக்கதாகவே படுகிறது.

காலமும் குறைவு. ஏரிப்படுகையில் துளையிட்டு எடுத்த மண்படிவுகள், சுமார் 16,000 ஆண்டுகளுக்கு முன்பு டானா பெருமளவு வற்றிச் சதுப்பாகக் கிடந்ததைக் காட்டுகின்றன. பிறகு மழை திரும்பியது, ஏரி நிறைந்து வழிந்தது. இன்று நாம் காணும் 15 இனங்கள் அந்த நிறைவுக்குப் பிறகு பிரிந்தவை என்றால், பரிணாமக் கணக்கில் இது நேற்று நடந்தது. மரபணுவில் இவற்றுக்கிடையே மிகச் சிறு வேறுபாடே தெரிவதற்கும் அதுவே காரணம்.

சரி, அப்புறம் எதை வைத்துத் தனி இனம் என்கிறோம்? என் பார்வையில் விடை ஏரியில் இல்லை, ஆற்றில் இருக்கிறது.

குமாராவின் சரளைக்கற்கள்

ஜூன், ஜூலையில் மேட்டுநிலத்தில் பெருமழை தொடங்கும். கெல்கெல் அபாய், குமாரா, ரிப், மெகெச் என்று ஏரிக்குள் விழும் ஆறுகளில் செந்நிற வெள்ளம் வரும். பெருங்கெண்டைகளில் குறைந்தது ஏழு இனங்கள் அப்போது ஏரியை விட்டுக் கிளம்பி ஆற்று முகத்துவாரங்களில் திரளுகின்றன. கொஞ்ச நாள் அங்கேயே காத்திருக்கும். பிறகு சினை முற்றிய மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து மேலே ஏறும். ஆற்றின் கலங்கல் நீரில் அவை முட்டையிடுவதில்லை. அதையும் தாண்டி, கிளை ஓடைகளுக்குள் புகுந்து, தண்ணீர் தெளிந்து முழங்கால் அளவுக்கும் குறைவாக ஓடும் சரளைப் படுகைகளைத் தேடிப் போகின்றன. முட்டைக்குக் காற்றோட்டம் வேண்டும். சேறு படிந்தால் அது மூச்சுத் திணறிச் செத்துவிடும். கூழாங்கற்களுக்கு இடையில் ஓடும் தெளிந்த நீர்தான் அதற்குத் தொட்டில்.

குமாரா ஆற்றில் வருடக்கணக்கில் வலை வைத்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எல்லா இனங்களும் ஒன்றாகக் கலந்து ஏறுவதில்லை. ஓர் இனத்தின் உச்சம் முந்தி வரும், இன்னொன்றின் உச்சம் சில வாரம் பிந்தி வரும். தேர்ந்தெடுக்கும் ஓடைகளும் ஓரளவு வேறுபடுகின்றன. ஏரியில் ஒரே வலையில் சேர்ந்து விழும் மீன்கள், இணை சேரும் அந்தச் சில நாட்களில் மட்டும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. மீதி எட்டு இனங்கள் ஆற்றில் தென்படவே இல்லை. அவை ஏரிக்குள்ளேயே முட்டையிடுவதாகத் தெரிகிறது. ஆறா ஏரியா என்பதே முதல் பிரிவு. எந்த வாரம், எந்த ஓடை என்பது அடுத்த பிரிவு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெருவாயை உருவாக்கியது ஏரியின் தீனியாக இருக்கலாம். அந்தப் பெருவாய் அடுத்த தலைமுறையில் கரைந்து போகாமல் காப்பது ஓடைகளின் கால அட்டவணைதான். ஏறும் வாரங்கள் நெருக்கப்பட்டால், போகும் ஓடைகள் குறைந்தால், இனங்கள் கலக்கும். அப்போது மீன்களின் எண்ணிக்கை குறையாமலேயே வகைகள் குறைந்துவிடும்.

வலை எங்கே விரிக்கப்பட்டது

டானாவில் நெடுங்காலமாகப் பாப்பிரஸ் கோரையால் கட்டிய தங்க்வா என்ற படகில்தான் மீன் பிடித்தார்கள். கரையை விட்டு வெகுதூரம் போக முடியாது, பெரிய சுமையும் தாங்காது. 1986இல் இயந்திரப் படகுகளும் நைலான் செவுள் வலைகளும் வந்தன. அதில் தவறு காண ஒன்றுமில்லை. கரையோர மக்களுக்கு உணவும் வருமானமும் வேண்டும். ஆனால் வலை விரிக்கத் தோதான இடம் எது? மீன் தானாகத் திரண்டு நிற்கும் இடம், திரண்டு நிற்கும் மாதம். ஆகஸ்ட், செப்டம்பரில் முகத்துவாரத்தில் ஒரு வலை போட்டால், மற்ற மாதங்களில் பல நாள் அலைந்தாலும் கிடைக்காத மீன் ஒரே இரவில் கிடைக்கும். கிடைப்பது முழுக்கச் சினை மீன்.

ஆற்றின் மேல்பகுதியில் இன்னொரு பழக்கமும் உண்டு. பிர்பிரா என்ற மரத்தின் விதையை இடித்து நீரில் கரைத்தால் மீன்கள் மயங்கி மிதக்கும். முட்டையிட வந்து ஆழமில்லாத ஓடையில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை.

விளைவு வேகமாக வந்தது. 1990களின் தொடக்கத்தில் செய்த சோதனை வலைவீச்சுகளோடு பத்தாண்டு கழித்துச் செய்தவற்றை ஒப்பிட்டபோது, ஆற்றில் முட்டையிடும் பெருங்கெண்டைகள் ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்திருந்தன. இளமீன்களின் நிலை அதைவிட மோசம். அதே ஏரியில், அதே வலைகளுக்கு நடுவில் வாழ்ந்த திலாப்பியாவும் கெளுத்தியும் அந்த மாதிரிச் சரியவில்லை. ஏரி முழுக்கக் கெட்டிருந்தால் எல்லாமே குறைந்திருக்கும். குறைந்தது ஆறேறும் மீன் மட்டும் என்பது காரணத்தை நேரே சுட்டிக் காட்டுகிறது.

அதன் பிறகு மற்ற அழுத்தங்கள் சேர்ந்தன. 1996இல் ஏரியின் வாயில் மடை கட்டி வெளியேறும் நீர் கட்டுப்படுத்தப்பட்டது. 2010இல் டானா–பெலெஸ் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் ஏரி நீரின் ஒரு பகுதி குகைவழியே வேறு ஆற்றுக்குப் போகிறது. 2011இல் ஆகாயத்தாமரை காணப்பட்டது. வடகிழக்குக் கரைகளில் பாய் விரித்த மாதிரிப் பரவியது. இதற்கு நடுவில், 2015இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. இந்த அழுத்தங்களுக்கெல்லாம் மேலாக எனக்குக் கவலை தருவது, ரிப், மெகெச் ஆறுகளில் பாசனத்துக்காக எடுக்கப்பட்ட அணைத் திட்டங்களும், ஆற்றுப் படுகைகளிலிருந்து மணலும் சரளையும் அள்ளப்படுவதும். வலையை ஒரு பருவத்துக்கு நிறுத்தி வைக்கலாம், அள்ளிய சரளையைத் திரும்பக் கொட்ட யாரும் வரமாட்டார்கள்.

கெண்டைக் குடும்பம் ஒரே ஏரிக்குள் இப்படிப் பல இனங்களாகப் பிரிந்த இன்னொரு புகழ்பெற்ற இடம் பிலிப்பைன்ஸின் லனாவ் ஏரி. அங்கே வெளியிலிருந்து புகுந்த கொல்மீன்களும் அளவுமீறிய பிடிப்பும் சேர்ந்து வேலையை முடித்துவிட்டன. 2020இல், அழியும் உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐயுசிஎன் செம்பட்டியலில் லனாவின் 15 இனங்கள் அற்றுப்போனவையாகப் பதிவாயின. லனாவ் இல்லாமல் போனபின், பெரிய கெண்டைகள் ஓர் ஏரிக்குள் பிரிந்து வாழும் கதையை உயிரோடு பார்க்க டானாவை விட்டால் வேறு இடம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

என் முடிவு இது. மழைக்கால நான்கு மாதங்கள், ஜூலை முதல் அக்டோபர் வரை, முகத்துவாரங்களிலும் ஆறுகளிலும் பிடிப்பு நிற்க வேண்டும். ஏரியின் மற்ற பகுதிகளில் திலாப்பியாவும் கெளுத்தியும் பிடிக்கத் தடையில்லை, ஆகவே மீனவர் வீட்டு அடுப்பு அணையாது. அணைக்குக் கீழே குறைந்தபட்ச நீரோட்டம் விடும்போது, மழைத் தொடக்கத்தில் ஒரு பெருக்கு, பிறகு மெல்லத் தணிவது என்று மீனுக்குப் பழகிய வரிசையில் விட வேண்டும். ஒரே ஓடையைக் காப்பாற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. ஓடைகள் பலவாக இருப்பதால்தான் இனங்களும் பலவாக இருக்கின்றன.

கணக்கெடுப்பு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ஏரி நடுவில் பெரிய கண்ணி வலை போட்டு எண்ணினால் சில வருடங்களுக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். மெதுவாக வளர்ந்து பல ஆண்டு வாழும் மீன்கள் இவை; பழைய தலைமுறை வலையில் விழுந்துகொண்டே இருக்கும். குறை முதலில் தெரிவது மழை முடிந்து ஆறு தெளிந்த பிறகு, ஓடைகளிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் இறங்கும் குஞ்சுகளில். அந்த வாரங்களில், சின்னக் கண்ணி வலையோடு, ஒவ்வொரு ஆற்றின் வாயிலும் எண்ண வேண்டும்.